கொலைகாரன் முகவரி ஐஸ்லாந்து!

பிணத்தின் ஸ்வெட்டர் பாக்கெட்டில் செல்போன் அடித்தது.

ஒரு தடவை... இரண்டு தடவை... ஏழாவது தடவை!

கழுகுப் பாறைக்குக் கீழே, இருநூறு அடிப் பள்ளத்தில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே அவள் குப்புறக் கிடந்தாள். பச்சை சால்வை. ஒரு காலில் மட்டும் செருப்பு.

முதலில் பார்த்தது கொழுந்து பறிக்க வந்த சின்னம்மை. அவள் போட்ட அலறலில் மொத்த எஸ்டேட்டும் திரண்டுவிட்டது.

குன்னூரிலிருந்து போலீஸ் வந்து சேர்ந்தபோது காலை மணி ஒன்பது. கான்ஸ்டபிள் ரமேஷ்குமார் கையுறையோடு போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"கோகிலா... எங்கடி போயிட்டே? இட்லி ஆறுது. உங்க மாமா கூட சாப்பிட்டு முடிச்சுட்டாரு."

"அம்மா... நீங்க யாருங்க?"

"நான் அவ அக்கா உமாராணி. நீங்க யாருங்க பேசறது?"

ரமேஷ்குமார் போனை சப்-இன்ஸ்பெக்டர் விஜயாவிடம் நீட்டினார்.

விஜயா சொன்னாள். சுற்றி வளைக்காமல், நான்கே வார்த்தையில்.

எதிர்முனையில் அழுகை இல்லை. அலறல் இல்லை.

"சரிங்க" என்றது குரல். "அப்ப இட்லிய மூடி வெச்சுடறேன்."

---

கோகிலவாணி. வயது இருபத்தாறு. எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். அக்கா உமாராணி வீட்டில்தான் தங்கியிருந்தாள்.

சாவதற்கு மூன்று வாரம் முன்பு அவள் போட்டோ ஒரு வெப்சைட்டில் வந்தது.

'மலைக்கண்ணாடி'!

நீலகிரியில் இருக்கிற நாற்பது பெண்களுக்கு அதில் ஆளுக்கு ஒரு பக்கம். போட்டோ, பேர், ஊர்... கீழே வாயில் சொல்லக் கூசுகிற ஒரு கதை. அத்தனையும் புளுகு. எடுக்கச் சொல்லிக் கடிதம் போட்டால், நடத்துபவன் பணம் கேட்டுப் பேரம் பேசுவான். அவன் யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

கோகிலவாணி இறந்த அன்று காலை ஏழு இருபதுக்கு அதே பக்கத்தில் இன்னொரு படம் ஏறியது.

கழுகுப் பாறை விளிம்பில் பச்சை சால்வையோடு அவள். கீழே இரண்டு வரி.

'இது நானே அனுப்பும் கடைசிப் படம். என்னை மன்னித்துவிடுங்கள்.'

அவமானம் தாங்காமல் குதித்துவிட்டாள் என்று ஊர் தீர்ப்பு எழுதியது. மேலதிகாரியும் அதையேதான் எழுதச் சொன்னார்.

"தற்கொலைதானேம்மா? வெள்ளிக்கிழமை ஃபைலை க்ளோஸ் பண்ணிடு."

அன்றைக்குத் திங்கள்கிழமை. கோகிலவாணி இறந்து பதினைந்து நாள்!

---

ஸ்டேஷன் பெஞ்சில் உமாராணி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நனைந்த குடையோடு அவள் கணவன் சுரேஷ்.

உமாராணியின் கட்டைவிரல் போனில் அந்தப் பக்கத்தைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. பக்கம் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் திறந்தது. தங்கச்சி ஒவ்வொரு தடவையும் பாறை விளிம்பில் நின்றாள்.

"தூங்கும்போது கூட இதேதாங்க மேடம்" என்றான் சுரேஷ். "பதினஞ்சு நாளா ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லீங்க. எனக்கு பயமா இருக்குது."

"உமாராணி... என்னைப் பாருங்க" என்றாள் விஜயா. "உங்க தங்கச்சி தற்கொலை பண்ணிக்கலை."

கட்டைவிரல் நிற்கவில்லை. "தெரியுமுங்க."

"எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு ராத்திரிக்கு பிரியாணி செய்யச் சொன்னா. சாகப்போறவ பிரியாணி கேக்க மாட்டாளுங்க."

விஜயா கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைப் பெரிதாக்கினாள்.

"இதைப் பாருங்க. ரெண்டு கையும் சால்வைக்குள்ள இருக்கு. அவ போனையும் சோதிச்சுட்டோம். இந்தப் படம் அதுல இல்லவே இல்லை. அப்ப படம் எடுத்தது யார்?"

சுரேஷ் குடையைக் கை மாற்றினான். "யாரோ... கூட இருந்திருக்காங்களா?"

"வெப்சைட் நடத்தறவன் கூட இருந்திருக்கான். எடுத்தான்... தள்ளினான்... போட்டான்!"

"அப்ப அவனைப் பிடிங்க மேடம்!"

"அங்கதான் சிக்கல். வெப்சைட் ஐஸ்லாந்துல இருக்கு."

ரமேஷ்குமார் எட்டிப் பார்த்தார். "ஐஸ்லாந்தா? அது ஏதோ தீம் பார்க் இல்லீங்களா மேடம்?"

"நாடு, ரமேஷ்குமார். நம்ம ஊட்டியை ஃப்ரீசர்ல வெச்ச மாதிரி இருக்கும்."

"ஏனுங்க மேடம்..." சுரேஷ் தயங்கினான். "அங்க இருந்தா நம்ம சட்டம் செல்லாதுன்னு சொல்றாங்களே... நிஜமுங்களா?"

"யார் சொன்னது? இதுல சம்பந்தப்பட்ட கம்ப்யூட்டர் ஒண்ணு இந்தியாவுல இருந்தா போதும். அவன் நிலாவுல உட்கார்ந்து டைப் அடிச்சாலும் நம்ம ஐ.டி. சட்டம் பாயும். எழுபத்தஞ்சாவது பிரிவு. கொலைக்கு அதுகூட வேண்டாம்... கழுகுப் பாறை நம்ம லிமிட்!"

"அப்புறம் என்னங்க?"

"சட்டம் செல்லும்... லெட்டர்தான் செல்லாது! வெப்சைட் யார் பேர்ல இருக்குன்னு அந்த ஐஸ்லாந்து கம்பெனி சொல்லணும். பதில் போட்டிருக்கான் பாருங்க." விஜயா தாளை எடுத்துப் படித்தாள். "'எங்களைக் கட்டுப்படுத்துவது எங்கள் நாட்டுச் சட்டம் மட்டுமே. எங்கள் நாட்டு நீதிமன்ற உத்தரவோடு வரவும். இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்.'"

"இனிய நாளா!" ரமேஷ்குமார் பல்லைக் கடித்தார்.

"அந்த உத்தரவு வாங்க நம்ம கோர்ட்ல ஆரம்பிச்சு, டெல்லி வழியா, அவங்க நாட்டு மந்திரி ஆபீஸ் வழியா போகணும். வருஷம் ஆகும். எனக்கு இருக்கிறது நாலு நாள்."

உமாராணி எழுந்தாள். "பக்கத்தை மட்டுமாவது எடுத்துடுங்க மேடம். எஸ்டேட்ல எல்லாரும் பாக்கறாங்க."

சொல்லிவிட்டு நடந்தாள். கட்டைவிரல் இழுத்துக்கொண்டே போனது.

---

சந்தேகம் ஒருவன் மேல் இருந்தது.

லியோ. சர்ச் ரோட்டில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவன். கோகிலவாணியைப் பெண் கேட்டு, அவள் முடியாது என்று சொல்லி, அதன் பிறகும் மூன்று மாதம் பின்னாலேயே சுற்றியவன். கடை, உமாராணி வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி.

செவ்வாய்க்கிழமை விஜயா அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

"அன்னிக்குக் காலையில ஏழு மணிக்கு எங்க இருந்தே?"

"பெட்ல."

"சாட்சி?"

"கம்பளி." லியோ சிரித்தான். "மேடம், ஒருத்தி வேணாம்னு சொன்னா உடனே கொலை பண்ணிடுவாங்களா? அப்படிப் பார்த்தா நான் இதுவரைக்கும் ஆறு கொலை பண்ணியிருக்கணும்."

"உனக்கு வெப்சைட் செய்யத் தெரியும்."

"தெரியும். பேக்கரிக்கு, லாட்ஜுக்கு, சாக்லேட் கடைக்கு செஞ்சிருக்கேன். வாங்களேன், போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஒண்ணு செஞ்சு தர்றேன்."

ரமேஷ்குமார் ஒரு அடி முன்னால் வந்தார். விஜயா கையமர்த்தினாள்.

"ஆதாரம் இருக்கா மேடம்?" லியோ கேட்டான். "இல்லைன்னா ஐஸ்லாந்துல கேளுங்க."

"ஐஸ்லாந்துன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"டீக்கடையில உங்க ரமேஷ்குமார் அண்ணன்தான் சொன்னாரு. தீம் பார்க் இல்லையாம்... நாடாம்!"

ரமேஷ்குமார் கூரையைப் பார்த்தார்.

---

புதன்கிழமை காலை.

விஜயாவின் போன் அடித்தது. உமாராணி.

"மேடம். பக்கம் போயிடுச்சுங்க."

விஜயா டீ கிளாஸை வைத்தாள். "என்னது?"

"ஒம்பது அஞ்சுக்குப் போச்சுங்க. திறந்தா எர்ரர்னு வருது. நீங்களா எடுத்தீங்க?"

"இல்லையே..."

விஜயா தன் போனில் பார்த்தாள். உண்மை. 'மலைக்கண்ணாடி' மொத்தமும் காணோம்!

பத்து மணி... பன்னிரண்டு... மூன்று... இல்லை. இல்லவே இல்லை.

சாயங்காலம் ஐந்து மணி எட்டு நிமிடத்துக்கு மறுபடியும் உமாராணி. அதே தட்டையான குரல்.

"மேடம். திரும்ப வந்துடுச்சுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான். கரண்ட் வந்துது... அதுவும் வந்துது."

விஜயா விலுக்கென்று நிமிர்ந்தாள்.

"என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க!"

"கரண்ட் வந்துதுன்னேங்க. இன்னிக்கு மாசாந்திர பராமரிப்பு இல்லீங்களா? ஒம்பதுல இருந்து அஞ்சு வரைக்கும் எங்க பக்கம் கரண்ட் கிடையாது. பேப்பர்லயே போட்டிருந்தாங்க."

விஜயா அறையைத் தாண்டி ஓடினாள்.

"ரமேஷ்குமார்! ஐஸ்லாந்துல இருக்கிற வெப்சைட்டுக்கு, குன்னூர்ல கரண்ட் போனா என்னய்யா ஆகும்?"

"என்னங்க மேடம்... ஒண்ணும் ஆகாதுங்க."

"ஆச்சே! ஒம்பது மணிக்குப் போச்சு, அஞ்சு மணிக்கு வந்துச்சு. ஐஸ்லாந்துல இருக்கறது வெறும் போர்டு. கடை இங்க இருக்கு! பார்க்கறவன் அங்க போய்த் தட்டுவான். அவங்க இங்கிருந்து எடுத்துக் கொடுப்பாங்க. சொந்த வீட்டுல ஒரு கம்ப்யூட்டரை வெச்சுக்கிட்டு, வெளிநாட்டு முகமூடி போட்டிருக்கான் பாவி!"

"அப்ப... எந்த ஊடுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது? பாதி குன்னூருக்கு இன்னிக்குக் கரண்ட் இல்லீங்களே?"

விஜயா முதல் தடவையாகப் புன்னகைத்தாள்.

"லைன்மேனைக் கூப்பிடு."

---

வியாழக்கிழமை காலை பத்து மணி.

லைன்மேன் பாலு அவலாஞ்சியில் பன்னிரண்டு வருஷம் மழையில் கம்பம் ஏறியவர். இங்கே மாற்றலாகி வந்து இரண்டு மாதம். என்ஜினீயர் கையெழுத்துப் போட்ட தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"கொலைகாரனைப் பிடிக்க கரண்டைப் புடுங்கறது என் சர்வீஸ்ல இதுதாங்க முதல் தடவை."

"உமாராணி... லைன்ல இருக்கீங்களா?" விஜயா காதில் இயர்போன் மாட்டியிருந்தாள். "வீட்டுலயே உட்கார்ந்து பக்கத்தைப் பாருங்க. போச்சுன்னா உடனே சொல்லுங்க. இது யாருக்கும் தெரியக் கூடாது. உங்க வீட்டுக்காரருக்குக் கூட."

"அவரு மாடியில வேலையா இருக்காருங்க. பெங்களூர் கம்பெனிக்கு டேட்டா அடிக்கறாரு. சாப்பாட்டுக்குத்தான் இறங்குவாரு."

முதல் ஃபீடர்... ஊரின் ஒரு பகுதிக்கே கரண்ட் கொடுக்கும் மெயின் லைன். பாலு சுவிட்சை இறக்கினார்.

"இருக்குங்க" என்றாள் உமாராணி.

இரண்டாவது ஃபீடர்.

"போயிடுச்சுங்க."

 அந்த ஃபீடரில் எட்டு டிரான்ஸ்ஃபார்மர். ஒவ்வொன்றாக இறக்கினார்கள். ஐந்து நிமிடம் விட்டு ஏற்றினார்கள்.

"இருக்குங்க... இருக்குங்க... இருக்குங்க..."

ஆறாவது டிரான்ஸ்ஃபார்மர். சர்ச் ரோடு!

"போயிடுச்சுங்க."

"நான் சொல்லலை?" ரமேஷ்குமார் துள்ளினார். "லியோ கடைங்க மேடம்! சர்ச் ரோட்டுல மொத்தமே பதினோரு கட்டடம்!"

பாலு கம்பத்தில் ஏறினார். முதலில் லியோ கடைக்குப் போகிற ஒயர்.

உள்ளே இருந்து லியோ ஓடி வந்தான். "யோவ், பிரிண்ட் ஓடிட்டு இருக்குய்யா!"

விஜயா இயர்போனைக் காதோடு அழுத்தினாள்.

"இருக்குங்க" என்றாள் உமாராணி.

ரமேஷ்குமார் முகம் தொங்கிப்போனது.

"அடுத்தது" என்றாள் விஜயா.

இரண்டாவது வீடு. மூன்றாவது வீடு. நான்காவது வீட்டு ஜன்னலில் இருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"ஏனுங்க லைன்மேன்! மாவு ஆட்டிட்டு இருக்கேன், பாதியில புடுங்கறீங்க? நேத்துத்தானே பூரா நாளும் பராமரிச்சீங்க?"

"அஞ்சு நிமிஷம் அக்கா!"

"அஞ்சு நிமிஷத்துல உங்க ஊட்டுக்காரம்மா வந்து ஆட்டித் தருவாங்களா?"

ஏழு... எட்டு... ஒன்பது... பத்து.

"இருக்குங்க."

பாலு கம்பத்தின் மேலிருந்து குனிந்து பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மேடம்... இன்னும் ஒரே ஊடுதாங்க பாக்கி."

"யாருது?"

பாலு கையை நீட்டிக் காட்டினார்.

பச்சை கேட். தகரக் கூரை போட்ட மாடி.

உமாராணியின் வீடு!

விஜயா ஒரு கணம் கண்ணை மூடினாள். இயர்போனில் அந்தப் பக்கம் டிவி சீரியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"புடுங்குங்க."

டிவி சத்தம் நின்றது.

ஒரு நொடி. இரண்டு நொடி.

"மேடம்..." உமாராணியின் குரலில் எந்த மாற்றமும் இல்லை. "பக்கம் போயிடுச்சுங்க. எங்க ஊட்டுக் கரண்டும் போயிடுச்சுங்க."

"உமாராணி, சத்தம் போடாதீங்க. நான் கேட்டுக்கு வெளியிலதான் நிக்கறேன். மெதுவா எழுந்து..."

அதற்குள் இயர்போனில் மாடிப்படி கிரீச்சிடும் சத்தம்.

"உமா! கரண்ட் போயிருச்சா?" சுரேஷின் குரல்.

"ஆமாங்க."

"எல்லா ஊட்டுலயுமா?"

விஜயாவின் கை இடுப்புக்குப் போனது. ரமேஷ்குமார் கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தார். கணவனிடம் இந்தப் பெண் என்ன சொல்லப் போகிறாள்?

"தெரியலீங்க" என்றாள் உமாராணி. "வெளிய போய்ப் பாருங்க."

கதவு திறந்தது.

சுரேஷ் லுங்கியும் ஸ்வெட்டருமாக வாசலுக்கு வந்தான். எதிர்வீட்டில் கிரைண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தான். கம்பத்தில் பாலு. கேட்டில் விஜயா.

அவன் முகம் வெளிறிப்போனது.

புரிந்துவிட்டது!

திரும்பி வீட்டுக்குள் பாய்ந்தான். மாடி அறை... கம்ப்யூட்டர்... ஒரு சுத்தியல் அடி போதும்...

படார்!

கதவு அவன் மூக்கு நுனியில் சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"உமா! கதவைத் திற! உமா!"

 பிறகு அந்தத் தட்டையான குரல், கதவுக்குப் பின்னாலிருந்து.

"அன்னிக்குக் காலையில பால் வாங்கிட்டு வர்றேன்னு போனீங்க. வெறும் கையோட வந்தீங்க. இட்லி கேட்டீங்க. நான் வெச்சேன்."

"உமா, நான் சொல்றதைக் கேளு..."

"நாலு இட்லி சாப்பிட்டீங்க."

ரமேஷ்குமாரின் பிடி சுரேஷின் கழுத்தில் விழுந்தது.

---

விஜயா கூப்பிட்ட பிறகுதான் கதவு திறந்தது.

மாடி அறையில் கட்டிலுக்கு அடியில் கறுப்பாய் ஒரு கம்ப்யூட்டர். பாலு ஒயரைச் சேர்த்தார். பெட்டி முனகியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

இரண்டு நிமிடத்தில் உமாராணியின் போனில் கோகிலவாணி மறுபடியும் பாறை விளிம்பில் வந்து நின்றாள்.

நாற்பது பெண்களின் கதையும் அந்தப் பெட்டியில் இருந்தது. பேரம் பேசிய கடிதங்கள் இருந்தன. கழுகுப் பாறையில் எடுத்த படங்களும் இருந்தன.

மொத்தம் மூன்று.

முதல் படத்தில் அவள் பேசிக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது, வெப்சைட்டில் வந்தது.

மூன்றாவதில் அவள் இல்லை. வெறும் பாறை.

வாசலில் விலங்கோடு நின்ற சுரேஷ் உளறினான். "அவ... அவ என் ரூமுக்குள்ள வந்து பார்த்துட்டா மேடம். உமாகிட்ட சொல்லிடுவேன்னா. தனியா பேசலாம்னு கூட்டிட்டுப் போனேன். பயமுறுத்தத்தான் நெனச்சேன்..."

"பயமுறுத்தறவன் கடைசிப் படம்னு கேப்ஷன் எழுத மாட்டான்" என்றாள் விஜயா.

உமாராணி மாடியில் அந்தப் பெட்டி முன்னால் நின்றிருந்தாள்.

"மேடம். இதை இப்ப நிறுத்தலாமுங்களா?"

"அப்படியே நிறுத்தக் கூடாதும்மா. ஊட்டியில இருந்து சைபர் க்ரைம் ஆள் வர்றாங்க. முழுசா ஒரு காப்பி எடுத்து சீல் வெச்சதும்... நீங்களே பிளக்கைப் புடுங்குங்க."

"எவ்வளவு நேரம் ஆகுங்க?"

"ரெண்டு மணி நேரம்."

"சரிங்க" என்றாள். கட்டிலில் உட்கார்ந்தாள். பிளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கீழே ஜீப்பில் ஏறும்போது சுரேஷுக்குத் தைரியம் திரும்பியிருந்தது. சர்ச் ரோடே வேடிக்கை பார்த்தது. லியோ கடை வாசலில் கை கட்டி நின்றான். மாவு அரைத்த கையோடு எதிர்வீட்டு அம்மாள்.

"ஒரு நிமிஷம் மேடம்!" சுரேஷ் குரலை உயர்த்தினான். "எனக்கும் சட்டம் தெரியும். வெப்சைட் பதிவானது ஐஸ்லாந்துல. கம்பெனி ஐஸ்லாந்து கம்பெனி. அக்ரிமென்ட்ல அந்த நாட்டுச் சட்டம்தான் செல்லும்னு எழுதியிருக்கு. நீங்க எந்த நாட்டுச் சட்டப்படி என்னை அரெஸ்ட் பண்றீங்க?"

விஜயா ஜீப் கதவை அறைந்து சாத்தினாள்.

"கரண்ட் பில்லை எந்த நாட்டுல கட்டறியோ... அந்த நாட்டுச் சட்டப்படி!"